பல்லக்கு நிற்காத வீட்டு ஏசி

நாகலக்ஷ்மி கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம் ஏசியை அடித்தது.

கோபத்தில் அடித்த அடியல்ல. முன்னறை ஜன்னலில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டி, மதியம் இரண்டு மணி ஆனால் தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் போடும். வலது விலாவில், மேலிருந்து நான்கு விரல் கீழே, உள்ளங்கையால் ஓர் அடி கொடுத்தால் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். இடம் தெரிந்து அடிக்க வீட்டில் அவளால்தான் முடியும். ஸ்ரீனிவாசன் அடித்தால் அது இன்னும் உரக்கப் பேசும்.

"இந்த வருஷமாவது இதை மாத்திடுங்கோன்னா. இப்போல்லாம் ரெண்டு துண்டா வரதாம். கத்தற துண்டு வெளியில நின்னுக்குமாம், குளிர்ற துண்டு மட்டும் உள்ள வந்து சமத்தா இருக்குமாம்."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றார் ஸ்ரீனிவாசன், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். அந்தப் பதிலை அவர் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காபி கலக்க அடுக்களைக்குப் போனாள். அடி வாங்கிய பெட்டி சரியாக ஒரு மணி நேரம் மௌனமாக ஓடியது. அது மறுபடி சத்தம் போடத் தொடங்கியபோது வீட்டில் டாக்டரும் அக்கம்பக்கத்தாரும் நிறைந்திருந்தார்கள். அதை அடிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்த கையோடு பெட்டியும் நின்றுபோனது.

ஸ்ரீனிவாசன் அரசு அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுத்தில் ஒரு கால்புள்ளியை எடுப்பதென்றாலும் ஓரத்தில் குறித்து, மேலே அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகே எடுத்துப் பழகியவர். இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அந்தப் பழக்கம்தான் காரணம்.

மகள் ராஜஸ்ரீ தை மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து பேசினாள். அம்மா போன ஏழாவது மாதத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"அப்பா, மேடத்துல அம்மாவோட வருஷாப்தீகம். நான் ஒரு மாசம் முன்னாடி, மீனத்துலயே வந்துடறேன். லீவு இருக்கு, மழை ஆரம்பிச்சப்புறம் போனாப் போறும். ஆனா ஒண்ணு. இங்க ஏசி இருக்கிறச்சயே குழந்தை முதுகெல்லாம் வேர்க்குரு. அந்த முன்னறை அடுப்பு மாதிரி இருக்கும். அதை மாத்தலேன்னா நான் ஹோட்டல்ல தங்கி, சிராத்தத்துக்கு மட்டும் வந்துட்டு சாயங்காலமே கிளம்பிடுவேன். அப்புறம் கோவிச்சுக்காதீங்கோ."

குழந்தையை ஸ்ரீனிவாசன் அதுவரை கைபேசியில்தான் பார்த்திருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.

அருமைநாயகத்தின் ஏசி கடை ஓர் அரிசி மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருந்தது. அவர் தமிழும் மலையாளமும் கலக்கிற எல்லைப்புறத்துக்காரர், எதையும் சுற்றி வளைக்காதவர்.

"ஒரு டன்னு போதும் சார். பழசை நான் எடுத்துக்கிடுகேன். நாளைக்குப் பத்து மணிக்கு பிரபின் வருவான், பன்னெண்டு மணிக்கு ரூம் குளிரும். அவ்வளவுதான் சங்கதி."

"வெளி மெஷினை எங்கே வைப்பேள்?"

மெக்கானிக் பிரபின், பழைய பெட்டியை ரிப்பேர் பார்க்க வந்தபோதே வீட்டைப் பார்த்திருந்தான். "சாறே, அந்த வீடு ட்ரெயின் மாதிரி நீளமாக் கெடக்கு. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் செவரு. பின்னாடி வெக்கணும்னா தொண்ணூறு அடி பைப் இழுக்கணும், குளிரு வழியிலேயே தீர்ந்துபோவும். முன்னாடி ஜன்னலுக்கு மேல, ரோட்டைப் பாத்து வெக்கலாம். அது மாத்திரம்தான் வழி."

"அப்போ தெரு சமூகத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்."

அருமைநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேக்கப்பிடாது சார். நாப்பது வருஷமா இங்க யாவாரம் செய்யுகேன், அதனால சொல்லுகேன். மாட்டினா ஒரு வாரம் அண்ணாந்து பாப்பாங்க, பெறகு மறந்துருவாங்க. கேட்டீங்கன்னா இல்லாத சட்டத்தையும் உண்டாக்கிக் கொண்டு வருவாங்க."

"இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கே."

"செரி. எலே பிரபின், சாருக்க பெட்டியைத் தூக்கி மேல் பரணுல போடு. கீழ கெடந்தா வழியை அடைக்கும்."

தெருக்காரர்களின் சங்கமான நெய்விளக்குத் தெரு கிராம சமூகத்தில் நாற்பத்தொரு வீடுகளும் ஒன்பது உபகுழுக்களும் இருந்தன. பாத்திர உபகுழு, பந்தல் உபகுழு, பாயச ருசி உபகுழு என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. உபகுழுக்களுக்குள் தகராறு வந்தால் தீர்ப்பதற்கு ஓர் உபகுழு இருந்தது; அதில்தான் தகராறு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே தலைவர் அனந்தபத்மநாபன். தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருஷம் கேள்வி கேட்டவர். பதிலுக்காகக் காத்திருந்ததாக யாரும் சொன்னதில்லை.

கூட்டம் மணியடித்துத் தொடங்கியது. மௌனப் பிரார்த்தனை நடந்தது. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். அதில், அதற்கு முந்தின கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது என்று இருந்ததால், அதையும் எடுத்து வாசித்தார்கள். காபி வயது வரிசையில் வந்தது. எழுபத்தொன்றிலும் எழுபத்திரண்டிலும் இருந்த இருவருக்குள் யார் மூத்தவர் என்று தீருவதற்குள் காபி ஆறியது. அப்புறம்தான் செயலாளர் சாய்ராம் எழுந்து, "பதினேழாம் எண் வீட்டு ஸ்ரீனிவாசன் ஏசி மாத்தறதுக்கு அனுமதி கேட்டிருக்கார்" என்றார்.

சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரும் இதுவரை எதற்கும் அனுமதி கேட்டதில்லை. கேட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அனந்தபத்மநாபன் மேல்வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் சமூகம் முன்னேற்றத்துக்கு எதிரியில்லே. முன்னேற்றம் எப்போ வந்தாலும் வாசல்லயே நிறுத்தி வெச்சு மரியாதை பண்ணியிருக்கோம். கரண்ட் வந்தப்போ ஆறு வருஷம் யோசிச்சோம். குழாய்த் தண்ணிக்கு ஒம்பது வருஷம். யாராவது அவசரப்பட்டோம்னு சொல்ல முடியுமோ? ஓய் ஸ்ரீனிவாசன், உம்ம மெஷின் தெருவைப் பாத்துச் சுடு காத்து ஊதும், அல்லே?"

"பழையதும் ஊதிண்டுதானே இருந்தது, பத்தொன்பது வருஷமா."

"அது ஜன்னல் ஏசியாக்கும். பாதி உள்ள, பாதி வெளில. ஒரு கால் ஆத்துக்குள்ள வெச்சிண்டிருக்கிறவனைத் தெருப்பொறுக்கின்னு சொல்லப்படாது. அது குடும்பஸ்தன். இப்போ நீர் கொண்டுவரது முழுக்க வெளியில நிக்கற ஆசாமி. உற்சவத்துல சுவாமி பல்லக்குல வரார். ஒவ்வொரு ஆத்து வாசல்லயும் தொண்ணூறு செகண்டு நிக்கறார். உம்ம மெஷின் அவர் மூஞ்சில ஊதினா யார் பொறுப்பு?"

ஸ்ரீனிவாசன் மெதுவாக, "உங்காத்து வாசல்லயும் ஒண்ணு ஊதிண்டிருக்கே" என்றார். தாக்குவதற்காகச் சொல்லவில்லை. தலைவர் மறந்திருக்கலாமோ என்று நினைத்தார்.

"அது வெச்சு பன்னெண்டு வருஷமாச்சு. அப்போ விதி இல்லை. இப்பவும் இல்லை. நீர் கேட்டதுனாலதான் இப்போ விதி போடறோம். விதி வரதுக்கு முன்னாடி வந்த மெஷின் விதிக்கு மூத்தது. மூத்தவாளை நாம கேள்வி கேக்கறதில்லை."

அன்று விதி பதினான்கு-அ ஏகமனதாக நிறைவேறியது. பல்லக்கு நிற்கும் வீட்டு வாசலில் வெப்பக் காற்று ஊதும் புதிய யந்திரம் எதுவும் வைக்கலாகாது. வைக்க விரும்புவோர், அந்தக் காற்று சுவாமியைப் பாதிக்காது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது எப்படி என்று ஆராயப் பத்தாவது உபகுழு பிறந்தது.

உபகுழு முதலில் வெப்பத்தை எடுக்கவில்லை. நீரை எடுத்தது. ஏசியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தெருவில் கோலம் இருக்கிறது. கோலத்தின் மேல் சொட்டுகிற ஜலம் எப்படிப்பட்ட ஜலம்?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதில் போயின. ஆகாயத்திலிருந்து தானே உண்டாகிற, யார் கையும் படாத ஜலம், ஆகவே கங்கைக்குச் சமானம், அபிஷேகத்துக்கே எடுக்கலாம் என்றது ஒரு கட்சி. படுக்கையறையில் தூங்குகிறவன் விட்ட மூச்சுதான் குளிர்ந்து ஜலமாகிறது, அது எச்சில் என்றது மறு கட்சி. "அப்போ மழை மட்டும் யார் மூச்சு?" என்று முதல் கட்சி கேட்க, பாத்திர உபகுழுத் தலைவர் வெளிநடப்புச் செய்தார். செருப்பு மாறிவிட்டதால் திரும்பி வந்தார். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: ஏசி ஜலம் தீர்த்தமும் அல்ல, எச்சிலும் அல்ல, நடுநிலை ஜலம், அதை மூடி போட்ட செப்புக் குடத்தில் பிடித்து, பூஜைக்கு ஆகாத செடிக்கு ஊற்ற வேண்டும். ஸ்ரீனிவாசன் செப்புக் குடம் வாங்கினார். பூஜைக்கு ஆகாத செடி எது என்று எழுதிக் கேட்டார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

"சாறே, எந்தாச்சு? பெட்டி பரணுல தூசி பிடிக்குது" என்று பிரபின் வாரா வாரம் போன் செய்தான். ராஜஸ்ரீ தினமும் செய்தாள். மீனம், அதாவது மலையாளப் பங்குனி, இருபது நாளில் பிறக்க இருந்தது.

வெப்பப் பரிசோதனைக்கு கேசவ் வந்தான். ஐடி கம்பெனியில் வேலை. சமூகத்தின் ஒரே இளைஞன். வயது நாற்பத்து நான்கு. முப்பத்து நான்கு பக்கத்துக்குப் படம் போட்டு விளக்கினான். முப்பத்து மூன்றாவது பக்கத்தில் விஷயம் வந்தது: பல்லக்கின் உயரத்தில், சுவாமி இருக்கும் நிலையில், தொண்ணூறு விநாடி ஓர் உயிருள்ள பொருளை வைத்துப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள பொருளாகத் துணைத்தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எடை குறைவு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் அவரை உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கினார்கள். தெருவில் ஓடுகிற வெளி மெஷின் தலைவர் வீட்டில் மட்டும்தான் இருந்ததால், அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாய்ராம் கடிகாரம் பார்த்தார். கேசவ் துப்பாக்கி போன்ற ஒரு வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டினான். தூக்கிக்கொண்டு போவதைக் கண்ட எதிர்வீட்டு மாமி, என்ன ஏது என்று புரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பிரபின் ஸ்ரீனிவாசனின் காதருகே வந்தான். "சாறே, இது ஏசிக்கு உள்ள டெஸ்டா, இல்ல உற்சவத்துக்கு ரிஹர்சலா?"

"பேசாதே. அளந்துண்டிருக்கா."

தொண்ணூறு விநாடி முடிந்து இறக்கியதும் துணைத்தலைவர், "பேஷ்! முதுகுப் பிடிப்பு விட்டுப்போச்சு. இன்னொரு தரம் தூக்குங்கோ" என்றார்.

உபகுழு கூடி ஆராய்ந்தது. முதுகுப் பிடிப்புள்ள மனிதரின் சுகத்தை வைத்து, முதுகுப் பிடிப்பு இல்லாத சுவாமியின் அசௌகரியத்தைக் கணிக்க முடியாது என்று பரிசோதனை தள்ளுபடி செய்யப்பட்டது.

மீனம் பிறக்க ஐந்து நாள் இருக்கையில், சாய்ராம் ஒரு பழைய விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"கிடைச்சுடுத்து! விதி ஆறு. வருஷம் திரும்பாத துக்க வீட்டு வாசலில் பல்லக்கு நிற்காது, நேரே போய்விடும். தப்பித்தவறி நின்றால், அந்த வருஷத்து உற்சவத்தைப் பத்து நாளும் செயற்குழுவே சொந்தச் செலவில் மறுபடி நடத்தணும். ஸ்ரீனிவாசன் ஆத்துல இப்போ துக்கம். பல்லக்கு நிக்காது. பல்லக்கு நிக்காத ஆத்துக்கு பதினாலு-அ பொருந்தாது!"

எல்லோரும் ஸ்ரீனிவாசனைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல வேளை ஓய்!" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஏதோ போலிருந்ததால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அனந்தபத்மநாபன் எழுந்தார். "இந்தச் சமூகம் கல்நெஞ்சு இல்லைங்கறதுக்கு இதுவே சாட்சி. அவர் ஆத்துக்காரி போனதுக்கு நாம எல்லாரும் வருத்தப்பட்டோம். பந்தல் உபகுழு கூட வாடகை வாங்கலை. இன்னிக்கு அந்த நஷ்டத்தை அவருக்கு ஒரு சலுகையா மாத்திக் கொடுக்கறோம். இதைவிட மனுஷத்தன்மை என்ன வேணும்? துக்கம் தீர்ற வரைக்கும் மெஷின் இருக்கலாம்."

"தீர்ந்தப்புறம்?" என்று கேட்டார் ஸ்ரீனிவாசன்.

"வருஷாப்தீகம் முடிஞ்ச அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்குள்ள கழட்டிடணும். அப்போ உமக்கு அந்தத் தகுதி போயிடறது, அல்லே?"

கேசவ் கையைத் தூக்கினான். "அனுமதியைப் புதுப்பிக்க வழி இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுக்கு நாம ஆசைப்படக் கூடாது."

அதையும் ஒருவர் விடவில்லை. அந்த வீட்டில் இப்போது ஸ்ரீனிவாசன் ஒருவர்தான். புதுப்பிப்பதென்றால் அவரேதான் போயாக வேண்டும். அப்படிப் போனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது என்று கணக்கிட்டுச் சொன்னார். அது குறிப்பில் ஏற்றப்பட்டது.

மறுநாள் பிரபின் பழைய பெட்டியை ஜன்னலிலிருந்து இறக்கினான். ஜன்னலில் அதன் அளவுக்கு ஒரு வெளிச்சச் சதுரம் திறந்தது; அதைப் பலகை வைத்து அடைத்தான். பன்னிரண்டு மணிக்கு அறை குளிர்ந்தது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று ஸ்ரீனிவாசன் இரண்டு தடவை எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "சமத்தாத்தான் இருக்கு" என்றார். அறையில் பிரபின் மட்டும்தான் இருந்தான். "பின்னே! ஏ-கிளாஸ் மெஷினாக்கும் சாறே" என்று அவன் பதில் சொன்னான்.

ராஜஸ்ரீ மீனம் மூன்றாம் தேதி வந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம் நிரம்பியிருந்தது. முன்னறையில் போட்டதும் கை கால்களை விரித்து ஆறு மணி நேரம் தூங்கியது. வேர்க்குரு ஒரு வாரத்தில் மறைந்தது. வருஷாப்தீகத்தன்று மெஷின் கழற்றப்படும் என்பதை ஸ்ரீனிவாசன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போடுவாள் என்று அவருக்குத் தெரியும். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாள்காட்டியைப் பார்ப்பார்.

உற்சவத்தின் எட்டாம் நாள் காலைப் பல்லக்கு ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் தலைவர் நான்கு வார்த்தை பேசினார். துணைத்தலைவர் நன்றி சொன்னார். நன்றிக்குத் தலைவர் பதில் சொன்னார். பல்லக்கு நெய்விளக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். தார் இளகியிருந்தது. தூக்குகிறவர்கள் வெறுங்கால். நாகஸ்வரக்காரர் ராகத்தைச் சுருக்கிவிட்டார். தவில்காரர் பாதி அடியை மனசுக்குள் அடித்துக்கொண்டார். பதினாறு வீட்டில் நின்றாகிவிட்டது.

பதினேழாம் வீட்டில் நிற்கக் கூடாது. துக்க வீட்டுக்காரர் வெளியே வரக் கூடாது, உள்ளிருந்து பார்க்கலாம். ராஜஸ்ரீ குழந்தைக்குச் சுவாமியைக் காட்ட முன்னறைக் கதவை அகலத் திறந்தாள். அந்த அறைக்கு வாசல் நேரே தெருவில். காலையிலிருந்து ஓடிய ஒரு டன் குளிர் அப்படியே படியிறங்கித் தார் ரோட்டில் பரவியது.

முன்பக்க இடது ஆள் சட்டென்று நின்றார். மற்ற மூவரும் நின்றார்கள்.

"நடங்கோ! இங்க நிக்கப்படாது!" என்று கத்தினார் அனந்தபத்மநாபன்.

"ஒரு நிமிஷம் சாமீ. காலு வெந்துபோச்சு."

"துக்க வீடு ஓய்! நகருங்கோ!"

"அய்யோ, இந்தக் காத்தை விட்டுட்டு எங்க நகர?"

தலைவர் அவர்களை விரட்ட முன்னால் வந்தார். வந்த இடம் வாசற்படிக்கு நேரே. காற்று அவர் முகத்தில் பட்டது. அவர் மேல்வேஷ்டியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஓய் ஸ்ரீனிவாசன், உம்ம மெஷின் விதிப்படி இருக்கான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சாய்ராம் பின்னாலேயே போனார். உபகுழு முழுதும் பரிசோதனைக்குச் சென்றது. துணைத்தலைவர் குளிர்ந்த தரையிலேயே படுத்துவிட்டார். நாகஸ்வரக்காரர் படியில் உட்கார்ந்து, காலையில் சுருக்கிய ராகத்தை இப்போது விஸ்தாரமாக எடுத்தார். குழந்தை தலைவரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"சமர்த்து, சமர்த்து. பேரென்ன வெச்சிருக்கேள்?"

"இன்னும் வெக்கலை மாமா. அம்மா வருஷம் திரும்பட்டும்னு இருக்கோம்" என்றாள் ராஜஸ்ரீ.

"ஏசியை இருபத்துநாலுல வெச்சிருக்கேளே, குறைக்க முடியாதோ?"

"குழந்தைக்கு ஆகாது மாமா."

வெளியே, ஜன்னலுக்கு மேலிருந்த மெஷின் சுவாமியின் தலைக்கு மேலாகச் சுடு காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அன்று அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பதினொரு நிமிடம் கழித்துப் பல்லக்கு நகர்ந்தது. எல்லோர் முகத்திலும் அருள் இருந்தது.

அன்று மாலை செயற்குழுவுக்கு விதி ஆறு நினைவு வந்தது. பத்து நாள் உற்சவம், சொந்தச் செலவு. ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை கதவை அடைத்துக்கொண்டு பேசினார்கள். மறுநாள் நடவடிக்கைக் குறிப்பின் பிரதி நாற்பத்தொரு வீட்டுக்கும் வந்தது. அதில் இப்படி இருந்தது:

"எட்டாம் நாள் பவனியில் பல்லக்கு பதினேழாம் எண் வீட்டின் முன் நிற்கவில்லை. பதினொரு நிமிடங்கள் இடைவிடாத மந்தகதியில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது கடந்த தூரம் அளக்கப்படவில்லை. இது ஏகமனதாக அங்கீகரிக்கப்படுகிறது."

ஸ்ரீனிவாசன் அதைப் பழைய வழக்கப்படி மூன்று தடவை படித்தார். முதல் தடவை எழுத்துக்கு, இரண்டாம் தடவை புள்ளிக்கு, மூன்றாம் தடவை பொருளுக்கு. மூன்றாம் தடவை முடிந்ததும் காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வருஷாப்தீகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நோட்டீஸ் வந்தது: குறித்த தேதியில் மதியம் ஒரு மணிக்குள் யந்திரம் கழற்றப்படாவிட்டால், விசேஷங்களுக்குச் சமூகம் தரும் பாத்திரக் கடன் நிறுத்தப்படும். நோட்டீஸை வாங்கியது ராஜஸ்ரீ.

"என்னப்பா இது? கழட்டப் போறாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! குழந்தையை வெச்சிண்டு நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்கே கிளம்பணும்."

"டிக்கெட் போட்டுடாதே. ஒரு அரை மணி நேரம் கொடு" என்றார் ஸ்ரீனிவாசன்.

அரைப் பக்கம் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை.

"மதிப்புக்குரிய தலைவருக்கு. துக்கம் தீர்ந்தபின் என் வீட்டின் முன் பல்லக்கு நிற்க வேண்டும் என்று நான் கோரவில்லை. தங்கள் குறிப்பில் கண்டபடி, மந்தகதியில் நகர்ந்தாலே போதுமானது. எனக்கு அதில் பூரண திருப்தி. நிற்காத பல்லக்குக்கு விதி பதினான்கு-அ பொருந்தாது என்பது தாங்களே கண்ட முடிவு. அன்று நடந்தது நகர்வு அல்ல, நிற்றல்தான் என்று சமூகம் இப்போது கருதினால், குறிப்பைத் திருத்தி, விதி ஆறின்படி உற்சவத்தை மறுபடி நடத்தும் தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். திருத்துவதில் உதவி தேவைப்பட்டால் எனக்கு முப்பத்து நான்கு வருஷ அனுபவம் உண்டு."

அவசரக் கூட்டம் மௌனப் பிரார்த்தனையோடு தொடங்கியது. அன்றைய பிரார்த்தனையில் மௌனம் கொஞ்சம் நீண்டது.

"ஓய், நீர் எங்களை மிரட்டறீரோ?" என்றார் அனந்தபத்மநாபன்.

"இல்லை. நீங்க எழுதினதை நம்பறேன்."

தலைவர் குறிப்பைப் பார்த்தார், ஸ்ரீனிவாசனைப் பார்த்தார், பத்து நாள் சந்தனத்துக்கும் பாயசத்துக்கும் ஆகும் தொகையை மனத்துக்குள் பார்த்தார். பிறகு எழுந்து, இந்த விவகாரத்தில் தன் கடைசிச் சொற்பொழிவை நிகழ்த்தினார்.

"எழுதினதை மாத்தற வழக்கம் இந்தச் சமூகத்துக்கு இல்லை. நடந்ததை வேணும்னா மாத்துவோம். பல்லக்கு நகர்ந்தது. நகர்ந்ததுதான். இனிமேலும் பதினேழாம் ஆத்துல நகரும். இதுக்கு 'மந்தகதி வீடு'ன்னு ஒரு தனி வகை உண்டாக்கறோம். மெஷின் இருக்கலாம். எல்லாம் பூர்வீகமா உள்ளதுதான், இன்னிக்கு எழுத்துல வந்திருக்கு, அவ்வளவுதான்."

கையைத் தூக்கினார்கள். சாய்ராம் எழுதிக்கொண்டார். கூட்டம் கலையுமுன்பே துணைத்தலைவர் தன் வீட்டையும் அந்த வகையில் சேர்க்கும்படி மனுக் கொடுத்தார். மாதம் முடிவதற்குள் பத்தொன்பது வீடுகள் கொடுத்திருந்தன. அடுத்த வருஷம் தெருவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் பல்லக்கு நிற்காது, நகராமல் நகர்ந்துகொண்டிருக்கும். காலைப் பவனி எப்போது முடியும் என்று ஆராயப் பதினோராவது உபகுழு அமைக்கப்பட்டிருக்கிறது. அருமைநாயகம் கடைக்குப் புதுப் பெயர்ப் பலகை வைத்தார். "கேக்கப்பிடாதுன்னு சொன்னது எனக்க தப்பு சார். நீங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருங்க" என்று ஸ்ரீனிவாசனுக்கு ஒரு சாத்துக்குடிப் பை அனுப்பினார்.

வருஷாப்தீகம் முன்னறையில் நடக்கவில்லை; நடுக் கூடத்தில் புகையும் வேர்வையுமாக நடந்தது. ஸ்ரீனிவாசன் எள்ளும் தண்ணீரும் விட்டார். மந்திரத்தில் அவள் பெயர் வரும்போதெல்லாம் குரல் தெளிவாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மணி ஒன்று அடித்தது. ஒருவரும் எதையும் கழற்ற வரவில்லை.

மாலையில் ராஜஸ்ரீ குழந்தையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, பிரகாரத்துல வெள்ளிக்கிழமை நெய்விளக்கு முறை எழுதின போர்டு இருக்கே. அதுல மூணாம் வெள்ளிக்கு இன்னும் அம்மா பேர்தான் இருக்கு."

"தெரியும்."

"எடுக்கச் சொல்லலையா?"

"பேரை நீக்கணும்னா பொதுக்குழு கூடணுமாம், மூணுல ரெண்டு பங்கு பேர் வேணுமாம். பொதுக்குழு கூடி ஏழு வருஷமாச்சு. மனுக் கொடுங்கோ, பார்க்கலாம்னு சாய்ராம் சொன்னான்."

"கொடுத்தேளா?"

ஸ்ரீனிவாசன் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னறைக்குள் போனார்.

போர்டு கறுப்பு, எழுத்து மஞ்சள். மூன்றாம் வெள்ளி, நெய் கால் கிலோ, ஸ்ரீமதி நாகலக்ஷ்மி ஸ்ரீனிவாசன், எண் பதினேழு.